உள்ளே வர ஒரு சாக்கு

வசதி குறைந்த நகரப் பகுதியில் மகளிர் மையம் தொடங்குகிறவர்கள் முதலில் ஆசையாகச் செய்வது பெயர்ப்பலகை. "குடும்ப வன்முறை உதவி, கடன் ஆலோசனை, மனநல ஆலோசனை" என்று அதில் மூன்று வரி இருக்கும். அந்தப் பலகைக்குக் கீழே நுழைகிறவரைத் தெருவே பார்க்கும். எதற்காகப் போகிறார் என்பதைப் பலகையிலேயே படித்தும் கொள்ளும். எதிர்வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் கணவனின் நண்பர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் கதவை யார் தள்ளுவார்கள்? 'மகளிர் மையம்' என்ற இரண்டு சொல் போதும். கூட ஏதாவது எழுதியே தீர வேண்டுமென்றால் தையல், கணினி, குழந்தைகள் விளையாடுமிடம் என்று எழுதலாம்.

உள்ளே வர ஒரு சாதாரணச் சாக்கு வேண்டும். வீட்டில் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்காத சாக்கு. வாடகை நிலுவை, வட்டி, அடி, இரண்டு வயது தாண்டியும் பேசாத குழந்தை என்று எல்லாம் அதன் பின்னால்தான் வரும். அதுவும் முதல் நாளில் வராது, மூன்றாவது நான்காவது வாரத்தில் வரும். இந்தச் சாக்கைக் கொடுக்கத் தெரியாத மையத்தில் எவ்வளவு கெட்டிக்கார ஆலோசகர் இருந்தாலும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நூறு வருஷத்துக்கு முன்பே இது தெரிந்த விஷயம். 1889-இல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவில் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் திறந்தபோது, ஆரம்பத்திலேயே தொடங்கியவற்றில் மழலையர் வகுப்பும் ஒன்று. கிழக்கு லண்டனின் போ பகுதியில், பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சில்வியா பாங்க்ஹர்ஸ்டின் குழுவினர் 1915-இல் ஒரு பழைய மதுக்கடையை எடுத்துத் தாய்சேய் மருத்துவ உதவிக்கும் குழந்தைக் காப்பகத்துக்குமான இடமாக மாற்றினார்கள். 'கன்மேக்கர்ஸ் ஆர்ம்ஸ்' என்றிருந்த கடை 'மதர்ஸ் ஆர்ம்ஸ்' ஆனது. ஆர்ம்ஸ் என்றால் ஆயுதமும்தான், கைகளும்தான். அந்தப் பெயரை யார் யோசித்திருந்தாலும் அவருக்கு ஒரு சபாஷ்.

சாக்கு நல்லதாக இருந்தாலும் நேரம் தப்பாக இருந்தால் பயனில்லை. குழந்தையைப் பள்ளியில் விட்டதற்கும் திரும்ப அழைத்து வருவதற்கும் நடுவில் கிடைப்பதுதான் பல பெண்களுக்குச் சொந்த நேரம். பள்ளி ஆறு மணி நேரம் நடந்தால், நடையும் வீட்டு வேலையும் போக மூன்றரை மணி மிஞ்சும். ஆகவே பள்ளி தொடங்கி முக்கால் மணி கழித்து வகுப்பு தொடங்க வேண்டும். பள்ளி விடுவதற்கு ஒரு மணி முன்பாவது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேர வகுப்பு, நடுவில் கால் மணி இடைவேளை. பாடம் முடியவில்லையே என்று அந்த இடைவேளையில் கைவைக்கும் ஆசிரியர்கள் உண்டு. விடக் கூடாது. வகுப்பு நடப்பதே அந்தக் கால் மணிக்காகத்தான். வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாரத்தில் ஒரு மாலையாவது திறந்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் வகுப்புகள் தானாகவே கரைந்துபோகும். காப்பகத்துக்கும் சாப்பாட்டுக்குமான தேவை மட்டும் இரண்டு மடங்காகும். ஆண்டு அட்டவணை போடும்போது இதை மறப்பவர்கள், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டு காப்பகத்துக்கு ஆளில்லாமல் தவிப்பார்கள்.

வகுப்பறையில் இருபது நாற்காலி போட்டுவிடலாம். எத்தனை பேர் வர முடியும் என்பதைத் தீர்மானிப்பது பக்கத்து அறைக் காப்பகம். இங்கிலாந்தின் விதியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், இரண்டு வயதில் ஐந்துக்கு ஒருவர், மூன்று வயதிலிருந்து எட்டுக்கு ஒருவர். தரைப் பரப்பு கைக்குழந்தைக்கு 3.5 சதுர மீட்டர், இரண்டு வயதுக்கு 2.5, மூன்று முதல் ஐந்து வரை 2.3. வகுப்புக்கு வரும் பெண்களிடம் நான்கு கைக்குழந்தைகள், இரண்டு வயதில் ஐந்து பேர், மூன்று வயதில் மூன்று பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைகளுக்கு இருவர், மற்ற இரு வயதுப் பிரிவுகளுக்கும் ஆளுக்கொருவர், ஆக நான்கு பணியாளர்கள். இடம் 14, 12.5, 6.9 சேர்ந்து 33.4 சதுர மீட்டர். மூன்று கைக்குழந்தைகளோடு நிறுத்தியிருந்தால் மூன்று பணியாளர் போதும். நான்காவது கைக்குழந்தையின் விலை ஒரு முழுச் சம்பளம். அதனால் கைக்குழந்தை இடங்களை மூன்று அல்லது ஆறு என்று வைக்க வேண்டும், நான்கில் நிறுத்தக் கூடாது. விதி நாட்டுக்கு நாடு மாறும், கணக்குப் போடும் வழி மாறாது. ஒருவர் டயப்பர் மாற்றப் போகும் அந்தச் சில நிமிடம் விகிதம் உடைகிறது என்பதையும், காலையில் ஒருவர் காய்ச்சல் என்று போன் செய்வார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கூடுதலாக ஒரு ஆள் வேண்டும். அந்த ஒருவருக்கான பணத்தைத் திட்ட வரைவில் எழுதாமல் விட்டுவிட்டுப் பிறகு வகுப்பை ரத்து செய்வதுதான் வழக்கமாக நடக்கிறது.

குழந்தையைப் பழக்குவதிலும் அவசரம் ஆகாது. முதல் நாள் அம்மாவும் காப்பக அறையிலேயே உட்காரட்டும். இரண்டாம் முறை பத்து நிமிடம் வெளியே. மூன்றாம் முறை அரை மணி. நேராக இரண்டு மணி நேரம் விட்டால் குழந்தை அலறும், அம்மாவை வகுப்பிலிருந்து கூப்பிடுவார்கள், அவர் எல்லார் முன்னாலும் எழுந்து போவார், அடுத்த வாரம் வர மாட்டார். பதிவேட்டில் அது "ஆர்வமின்மை" என்று ஏறும். ஆர்வத்துக்கு ஒரு குறையும் இல்லை, பழக்க நாலு நாள் கொடுக்காததுதான் குறை.

சேர்க்கைப் படிவத்தில் ஒவ்வாமை, மருந்து, அவசரத் தொலைபேசி எண் இவற்றோடு இரண்டு கேள்விகள் கட்டாயம்: குழந்தையை யார் கூட்டிப் போகலாம், யார் கூட்டிப் போகக் கூடாது. புதிதாக ஒருவர் கூட்டிப் போக வந்தால் சொல்ல வேண்டிய ஒரு ரகசியச் சொல்லும் எழுதியிருக்க வேண்டும். அப்பா வாசலில் வந்து கேட்டால் மறுக்க முடியுமா என்பது நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. உத்தரவு இருந்தால் அதன் நகல் கோப்பில் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் தேட முடியாது. உத்தரவே இல்லாத நிலையில் என்ன செய்வது என்பதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்க வேண்டும். யார் வந்து கேட்டாலும் "அந்தக் குழந்தை இங்கே இருக்கிறதா இல்லையா" என்று வாசலில் பதில் சொல்லாமல் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும். வாந்தி பேதி வந்த குழந்தை, வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் ஆன பிறகுதான் திரும்ப வரலாம். இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் பத்து நாளில் பணியாளர் பாதிப் பேர் படுத்துவிடுவார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத குழந்தையை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் காப்பகப் பணியாளர்தான். அதை வாசலில், மற்ற அம்மாக்கள் செருப்பு மாட்டும் நேரத்தில் சொல்லக் கூடாது. உட்கார வைத்து, பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "இன்னிக்கு அஞ்சு தடவை கூப்பிட்டேன், ரெண்டு தடவைதான் திரும்பினான். ஒரு தடவை காதைப் பரிசோதிச்சிடலாமா?" நோயின் பெயரைச் சொல்வது மருத்துவர் வேலை.

இனி வரவேற்பு மேசை. "என்ன பிரச்சினை?" என்று அங்கே கேட்கவே கூடாது. பின்னால் நிற்பவர் அடுத்த தெருக்காரராக இருப்பார். "வாங்க, உட்காருங்க" போதும். முதல் நாள் படிவம் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது: பெயர், குழந்தைகள் வயது, தொடர்புக்கு எண். எண்ணுக்குக் கீழே நான்கு சின்னக் கேள்விகள். இந்த எண் உங்களிடம் மட்டும்தான் இருக்குமா? எந்த நேரத்தில் அழைக்கலாம்? செய்தி அனுப்பலாமா? வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பலர் உடனே பதில் சொல்வார்கள்: "தையல் கிளாஸ்லேர்ந்துன்னு சொல்லுங்க." ஏன் என்று அப்போது கேட்க வேண்டாம். நிதி தருவோருக்குத் தேவையான வருமானம், சாதி, மதம், நாடு போன்ற கேள்விகளை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளி வைக்கலாம்.

"கண்ணாடி எடுத்து வரல", "வீட்ல போய் நிரப்பிட்டு வர்றேன்" என்று சொல்பவருக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதைத் துப்பறிய வேண்டாம். எல்லோருக்கும் படிவத்தை வாய்விட்டுப் படித்து, பணியாளரே நிரப்புவதை வழக்கமாக வைத்தால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள்.

தனியாகப் பேசும் அறையைப் பற்றி ஒரு கட்டட விஷயம். தடுப்புச் சுவர் பல இடங்களில் பொய்க்கூரை வரைதான் எழும்பும். அதற்கு மேலே காலி. உள்ளே அழுவது அடுத்த அறைக் கணினி வகுப்பில் தெளிவாகக் கேட்கும். சுவரை மேல்தளம் வரை எழுப்ப வேண்டும். பணமில்லை என்றால் அறை வாசலில் ஒரு வானொலியாவது பாடட்டும். இருவரில் யாருக்கும் கதவுக்குப் போகும் வழி மறிக்காதபடி நாற்காலிகளைப் போட வேண்டும். அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு நடுவே கால் மணி காலியாக விட வேண்டும். பெண்கள் ரேஷன் விஷயம், பள்ளி விஷயம் எல்லாம் பேசிவிட்டு, எழுந்து, கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் "இன்னொண்ணு, அக்கா..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்தில் அடுத்தவர் காத்திருந்தால் அந்த இன்னொன்று வீட்டுக்கே திரும்பிப் போய்விடும்.

கடன் விஷயம் பெரும்பாலும் ஒரு பையில் வரும். பாதிக் கடிதங்கள் பிரிக்கப்படாதவை. பிரித்து, உறையையும் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வைக்க வேண்டும், சில மேல்முறையீடுகளில் அஞ்சல் முத்திரைத் தேதி தேவைப்படும். முதலில் அனுப்பியவர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டிலும் புதியதை மேலே வைத்தால் ஐம்பது கடிதம் ஏழெட்டுக் கட்டாகச் சுருங்கிவிடும். அந்தச் சுருக்கமே பாதிப் பயத்தைப் போக்கும். பிறகு அடுத்த 14 நாளுக்குள் கடைசித் தேதி வருவதைத் தனியே எடுக்க வேண்டும். அடுத்ததாக, கட்டாவிட்டால் எது போகும் என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். வீடு போகுமா, விளக்கு போகுமா, ஆளையே உள்ளே வைப்பார்களா? வாடகை, மின்சாரம், எரிவாயு, நீதிமன்ற அபராதம், வரி ஆகியவை முன்வரிசை. கடன் அட்டையும் தவணைக்கு வாங்கிய பொருளும் பின்வரிசை. பின்வரிசைக்காரர்கள்தான் தினமும் போன் செய்வார்கள், வாசலில் வந்து கத்துவார்கள். வீட்டுக்காரர் ஒரே ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு அமைதியாக இருப்பார். அந்தச் சத்தத்துக்குப் பயந்து வாடகைப் பணத்தை எடுத்துக் கொடுப்பதுதான் மையங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கக் கூடிய தவறு.

வரவு செலவுத் தாளில் ஒரு கண்ணி உண்டு. வாரக் கூலியை மாதக் கணக்காக்க நான்கால் பெருக்குவார்கள். வருடத்துக்கு 52 வாரம், நான்கு பன்னிரண்டு 48. நாலு வாரம் காணாமல் போகிறது. 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். வாரம் 600 செலவென்றால் மாதம் 2,600, 2,400 இல்லை. செலவில் இந்தத் தவறு நேர்ந்தால் இல்லாத 200-ஐ நம்பித் தவணைக்கு ஒப்புக்கொண்டு, இரண்டாம் மாதமே தவறி, முன்பைவிட மோசமாக மாட்டிக்கொள்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளை, அதாவது பள்ளிச் சீருடை, பண்டிகை, குளிர்கால உடை போன்றவற்றை, பன்னிரண்டால் வகுத்துச் சேர்க்காத தாளும் இப்படித்தான் பொய் சொல்லும்.

பழைய கடனில் அவசரப்பட்டு ஒரு சிறு தொகை கட்டச் சொல்லக் கூடாது. பல நாட்டுச் சட்டங்களில் கடனை வசூலிக்க வழக்குப் போட ஒரு கால வரம்பு உண்டு. சிறு தொகை கட்டுவதோ எழுத்தில் ஒப்புக்கொள்வதோ அந்தக் காலத்தை மறுபடி முதலிலிருந்து ஓட வைக்கக்கூடும். கூட்டாகக் கையெழுத்துப் போட்ட கடன் பாதிப் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் முழுத் தொகைக்கும் இருவருமே தனித்தனியாகப் பொறுப்பு. கணவன் ஓடிவிட்டால் முழுவதும் இவர் தலையில். "யார் பேர்ல கடன்?" என்று கேட்டதோடு நிற்காமல் "கையெழுத்துப் போடும்போது என்ன நடந்தது?" என்றும் கேட்க வேண்டும். மிரட்டி வாங்கிய கையெழுத்தாக இருந்தால் விஷயம் கடன் மேசையோடு முடியாது.

அலுவலகங்களுக்குப் போன் செய்யும்போது அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒலிபெருக்கியில் பேச வேண்டும். தேதி, மணி, எதிரில் பேசியவர் பெயர், குறிப்பு எண் நான்கையும் எழுதி அவருக்கும் ஒரு நகல் கொடுக்க வேண்டும். மூன்றாவது முறை அவரே பேசட்டும். சான்றிதழ்ச் சிக்கல் சங்கிலியாக வரும். உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு அடையாள அட்டை, அட்டைக்கு முகவரிச் சான்று, முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம். ஒப்பந்தமோ கணவன் பெயரில். எந்தக் கண்ணி எளிதில் உடையும் என்று பார்க்க வேண்டும். குழந்தையின் பள்ளியோ மருத்துவமனையோ முகவரியுடன் கொடுக்கும் கடிதத்தைச் சில அலுவலகங்கள் ஏற்கும். எது எங்கே செல்லும் என்று ஒரு பட்டியலை மையமே வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து அலைய வேண்டாம்.

அடி பற்றிய பேச்சில் அவசரமும் ஆகாது, மெத்தனமும் ஆகாது. கணவனோ மாமியாரோ விவரம் தெரிந்த குழந்தையோ பக்கத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாது. மொழிபெயர்க்க உறவினரையோ மகளையோ உட்கார வைக்கக் கூடாது. பேச ஆரம்பிப்பதற்கு முன்பே எதை வெளியே சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கு ஆபத்து என்றாலோ ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றாலோ மையம் சும்மா இருக்க முடியாது. எல்லாம் கேட்டு முடித்த பிறகு இதைச் சொன்னால் அது ஏமாற்று.

"ரெண்டு பேரையும் கூப்பிட்டு வெச்சுப் பேசிப் பார்க்கலாம்" என்ற நல்லெண்ணம் இந்த வேலையில் மிக ஆபத்தானது. அடிக்கிறவன் முன்னால் அவர் உண்மையைச் சொல்ல முடியாது, சொன்னால் வீடு போய்ச் சேர்ந்ததும் அதற்கு விலை கொடுக்க வேண்டும். சமாதானம் பேசுவது மையத்தின் வேலை இல்லை என்று எழுதி வைத்துவிடுவது நல்லது, ஊர்ப் பெரியவர்கள் யார் வந்து சொன்னாலும்.

ஆபத்தை அளவிட உள்ளுணர்வு மட்டும் போதாது. செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்பல் 1980-களில் அமெரிக்காவில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டில் இப்போது 20 கேள்விகள். பிரிட்டனில் பயன்படும் 'டாஷ்' என்ற கேள்விப் பட்டியலில், வடிவத்தைப் பொறுத்து, 24 அல்லது 27. அங்கே பல இடங்களில் 14 'ஆம்' வந்தால் பல துறைகளும் சேர்ந்து உட்காரும் கூட்டத்துக்கு விஷயம் போகும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் சில பதில்கள் தனியாகவே கனமானவை. கழுத்தை நெரித்தானா என்பது அவற்றில் முதன்மை. முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பிறகு அதே ஆணால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கேட்கும் சொல்லும் முக்கியம். "நெரிச்சாரா?" என்றால் இல்லை என்பார்கள். "கழுத்துல கை வெச்சாரா? மூச்சு முட்டுச்சா? குரல் மாறிச்சா?" என்றால் ஆமாம் வரும். வெளியே தடயமே இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆயுதம், கர்ப்ப காலத்தில் அடி, பின்தொடர்தல், அளவு மீறிய சந்தேகம், தற்கொலை மிரட்டல் எல்லாமே சிவப்பு விளக்குதான்.

விட்டு வெளியேறும் நேரமும் அதற்கடுத்த வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. "இன்னும் ஏன் அங்கே இருக்கீங்க?" என்று கேட்பவர்கள் இதை அறியாதவர்கள். திட்டமில்லாமல் கிளப்பி விடக் கூடாது. மூல ஆவணங்கள் அல்லது அவற்றின் நகல், குழந்தைகளின் தடுப்பூசி அட்டை, மருந்து, கொஞ்சம் பணம், மாற்றுச் சாவி ஆகியவை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் இருக்க வேண்டும். பையை வீட்டில் கட்டி வைத்தால் கண்ணில் படும். போனில் இருப்பிடம் பகிரப்படுகிறதா, மின்னஞ்சல் கணக்கு இருவருக்கும் பொதுவா, குழந்தையின் விளையாட்டுக் கருவியிலும் அதே கணக்கா என்று பார்க்க வேண்டும். கண்டுபிடித்த உடனே அணைத்துவிடத் தோன்றும். திடீரென்று அணைந்தாலே அவனுக்குச் செய்தி போய்விடும். எப்போது அணைப்பது என்பதும் திட்டத்தில் ஒரு வரி. உதவி எண்ணைக் கைக்கு அடக்கமான சீட்டில் அச்சிட்டுக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் வைக்கலாம். ஆண் துணையுடன் வருபவரும் அங்கே தனியாகத்தான் போவார். மாதவிடாய்க்கான நாப்கினையும் அங்கேயே திறந்த கூடையில் வையுங்கள், கேட்டு வாங்க வைக்காதீர்கள்.

உணவு அலமாரி வைப்பவர்கள் ஹல் ஹவுஸின் ஒரு தோல்வியைத் தெரிந்துகொள்வது நல்லது. சத்துக் கணக்கெல்லாம் பார்த்து மலிவாகச் சமைத்துக் கொடுக்கும் பொதுச் சமையலறை ஒன்றை அங்கே தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தார் அதை அவ்வளவாகச் சீந்தவில்லை, அவரவர் நாக்குக்குப் பழகிய சாப்பாடு அது இல்லை. இன்றும் அதே கதைதான். கட்டிக் கொடுத்த பையில் பாதி வீணாகும், அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் வீணாகாது. எரிவாயு தீர்ந்த வீட்டுக்கு இரண்டு மணி நேரம் வேக வேண்டிய பருப்பைக் கொடுத்து என்ன செய்ய? அடுப்பு இருக்கிறதா, குளிர்பெட்டி இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். டயப்பரில் நன்கொடையாகக் குவிவது சின்ன அளவுகள், தட்டுப்பாடு வருவது பெரியவற்றுக்கு. குழந்தை சின்ன அளவில் சில வாரமே இருக்கிறது, பெரிய அளவில் வருடக்கணக்கில். நன்கொடை கேட்கும்போதே அளவைச் சொல்லிக் கேட்டால் அலமாரி அடைபடாது.

பணியாளர்களும் தன்னார்வலர்களும் அதே பகுதிக்காரர்களாக இருப்பது மையத்தின் பலம். வாய் நீள்வதற்கும் அதுவே வழி. மையத்துக்கு வருபவரைத் தெருவில் பார்த்தால் அவர் முதலில் பேசினாலொழியப் பேசக் கூடாது என்ற விதி வேண்டும். அதை வருபவரிடம் முதல் நாளே சொல்லியும் விட வேண்டும், இல்லையென்றால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார். பயன்பெற்றவர் தன்னார்வலராக விரும்பினால் சில மாத இடைவெளி விடலாம். அவருடைய பழைய கோப்பை அவருடன் வேலை செய்பவர்கள் திறக்க முடியாதபடி பூட்ட வேண்டும். கோப்பில் கருத்து எழுதக் கூடாது. "பதற்றமானவர், மிகைப்படுத்துகிறார்" என்பது கருத்து. "இடது கையில் நீலத் தடம், 'கதவுல இடிச்சுக்கிட்டேன்' என்றார்" என்பது பதிவு. நாளை நீதிமன்றம் கேட்கலாம், அவரே படிக்கக் கேட்கலாம். கட்டடத்தில் யாரும் தனியாக இருக்கக் கூடாது, பூட்டும்போதும் இருவர். உதவி தேவை என்று சொல்லாமல் சொல்ல ஒரு வாக்கியம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: "அந்தப் பச்சைக் கோப்பைக் கொண்டு வாங்க" மாதிரி. பச்சையில் உண்மையாகவே கோப்பு வைத்திருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் தருகிறவர்களுக்குப் புதியது பிடிக்கும். புதுத் திட்டம், புதுப் பெயர். விளக்குக் கட்டணம், சுத்தம் செய்பவர் சம்பளம், தணிக்கைச் செலவு, காப்பகத்தின் அந்தக் கூடுதல் ஆள் என்று எதற்கும் தனியாக யாரும் தர மாட்டார்கள். ஒவ்வொரு திட்ட வரைவிலும் அந்தத் திட்டம் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பப் பொதுச் செலவில் ஒரு பங்கை ஏற்ற வேண்டும். ஏற்றாமல் மலிவாகக் காட்டி வாங்கிய ஒவ்வொரு மானியமும் மையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கணக்குச் சொல்லும்போது தலைகளையும் வருகைகளையும் கலக்கக் கூடாது. ஒருவர் தையலுக்கு, கடனுக்கு, காப்பகத்துக்கு என்று வந்தால் தலை ஒன்று, சேவை மூன்று. ஒரே பெண்ணை மூன்று நிதியாளரிடம் மூன்று பெண்ணாகக் காட்டுவது ஒரு நாள் தணிக்கையில் பிடிபடும். மூன்று மாதச் செலவுக்காவது கையிருப்பு இருந்தால்தான் மானியத்துக்கும் மானியத்துக்கும் நடுவில் விழும் பள்ளத்தைத் தாண்ட முடியும்.

அப்படியும் சில மையங்கள் மூடப்படும், சில இடம் மாறும். மூடுகிறவர்கள் மேசை நாற்காலியைப் பற்றி யோசிக்கும் அளவுக்குத் தொலைபேசி எண்ணைப் பற்றி யோசிப்பதில்லை. கோப்புகளை எவ்வளவு காலம் யார் வைத்திருப்பது என்று முடிவு செய்து பூட்டிய பிறகும், அந்த எண்ணைக் குறைந்தது ஒரு வருடமாவது கட்டணம் கட்டி உயிரோடு வைத்து, வேறு ஓர் உதவி மையத்துக்குத் திருப்பி விட வேண்டும். பதிவு செய்த குரல் எதுவும் அதில் ஒலிக்கக் கூடாது, போன் வேறு யார் கையிலாவது இருக்கலாம். எடுப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: அழைக்கிறவர் கடனைப் பற்றியோ அடியைப் பற்றியோ எடுத்த எடுப்பில் பேச மாட்டார். அவருடைய போனில் அந்த எண் 'தையல் கிளாஸ்' என்ற பெயரில் இருக்கும். தையல் கிளாஸ் இன்னும் நடக்கிறதா என்றுதான் கேட்பார்.